வழவழப்புக்கு யார் விலை கொடுப்பது?

சென்ற ஆவணியில் நண்பர் ஒருவருடைய புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். ஹோமப் புகை இன்னும் முழுவதும் கலையவில்லை. மாடியில் பந்தி நடந்துகொண்டிருந்தது. நண்பர் என் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். அதன் விளக்கைப் போட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிப் பிடித்தார்.

"பாருங்கள் சார், அலை அலையாகத் தெரிகிறதா, இல்லையா? நான் சுளையாக எண்ணிக் கொடுத்திருக்கிறேன். பெயிண்டர் நன்றாக ஏமாற்றிவிட்டான்."

தெரிந்தது. மறுப்பதற்கில்லை. மேடும் பள்ளமுமாக, காற்றில் அசையும் குளத்து நீரைப் போலத்தான் சுவர் தெரிந்தது. ஆனால் அந்தச் சுவரைவிட எனக்கு நன்றாகத் தெரிந்தது வேறொன்று. நண்பர் யாரை 'ஏமாற்றிவிட்டான்' என்றாரோ, அந்த மனிதர் நாலடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். விழாவுக்கென்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். சுற்றிலும் உறவினர்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சரி பண்ணிக் குடுத்துடறேன் சார்" என்றார். "அதுவரைக்கும் பாக்கிப் பணம் கிடையாது" என்றார் நண்பர். அவர் அதற்கும் தலையை ஆட்டினார்.

என் நண்பர் கெட்டவர் அல்லர். கோயிலுக்குக் கொடுப்பவர், ஏழைப் பையன்கள் இரண்டு பேருக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறவர். அப்படிப்பட்டவர் ஒரு தொழிலாளியை நாற்பது பேர் நடுவில் திருடனாக்கினார். அதில் தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. அங்கே நின்ற யாருக்கும் தோன்றவில்லை. இந்த ஊரில் வீடு கட்டிய நடுத்தரக் குடும்பத்தார் ஒவ்வொருவரும் பெயிண்டரைப் பற்றி இதே புகாரைத்தான் சொல்லுகிறார்கள். இந்த வழக்கில் நான் பெயிண்டரின் கட்சி. ஏன் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். சுவரின் வழவழப்பு பெயிண்டில் இல்லை. டப்பாவின் மேல் எத்தனை அழகான பெண் சிரித்தாலும், உள்ளே இருக்கும் சாயத்துக்கு மேட்டைக் குறைக்கவும் தெரியாது, பள்ளத்தை நிரப்பவும் தெரியாது. ஒரு பூச்சுப் பெயிண்டின் கனம் தலைமயிரின் கனம்கூடத் தேறாது. அது கீழே இருப்பதை அப்படியே காட்டும். கொஞ்சம் பளபளப்புச் சேர்ந்த பெயிண்டாக இருந்துவிட்டால் கூட்டியும் காட்டும். கீழே என்ன இருக்கிறது? பட்டி இருக்கிறது. அதற்குக் கீழே சிமெண்டுப் பூச்சு. அதற்கும் கீழே செங்கல். கொத்தனார் செங்கல் வரிசையைத் தூக்குக்குண்டு பார்த்து நேராக எடுத்திருக்க வேண்டும். பூச்சுக்காரர் மட்டப்பலகையைச் சுவர் முழுவதும் இழுத்திருக்க வேண்டும். அவர்கள் இருவரும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போன பிறகு, கடைசியில் வருகிறவர் பெயிண்டர். முன்னால் வந்தவர்கள் செய்த பிழையெல்லாம் அவர் கணக்கில் எழுதப்படுகின்றன. பந்தியில் கடைசியில் உட்கார்ந்தவன் எல்லோருடைய இலையையும் எடுக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

சுவருக்கு ஒரு நாள் கணக்கு உண்டு. சிமெண்டுப் பூச்சு முடிந்த பிறகு ஒரு வாரமாவது அதற்கு விடாமல் தண்ணீர் காட்ட வேண்டும். அதன் பின் அது காய வேண்டும். பூச்சு வேலை முடிந்து 28 நாளாவது போக வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. மழைக்காலமானால் இன்னும் கூடும். புதுச் சிமெண்டில் காரம் கடுமையாக இருக்கும். ஈரமும் இருக்கும். அந்த ஈரம் வெளியே வர வழி தேடும்போது உப்பையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வருகிறது. மேலே பெயிண்டு அடைத்துக்கொண்டிருந்தால் அதைக் கொப்புளமாகத் தூக்கிவிடுகிறது, அல்லது வெள்ளைப் பொடியாகப் பூக்கிறது. எண்ணெய் கலந்த பெயிண்டாக இருந்தால் காரமும் எண்ணெயும் கூடிச் சோப்பைப் போலக் கொழகொழத்துப்போகும். உவமைக்காகச் சொல்லவில்லை. சோப்புக் காய்ச்சுவதும் காரத்தையும் எண்ணெயையும் கூட்டித்தான்.

நண்பர் வீட்டில் பூச்சு வேலை ஆடி மாதக் கடைசியில் முடிந்தது. ஆவணியில் முகூர்த்தம். ஆவணியை விட்டால் புரட்டாசி. புரட்டாசியில் நம்மவர்கள் குடிபோக மாட்டார்கள். ஆகவே மொத்தம் 17 நாள். அந்தப் 17 நாளுக்குள் தண்ணீர் காட்டி, காய வைத்து, பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கை பெயிண்டும் அடித்தாக வேண்டும். ஜோசியர் நாள் குறித்தபோது சுவரைக் கேட்டாரா? இல்லை. பெயிண்டரைக் கேட்டார்களா? கேட்டார்கள். "முடியுமா, முடியாதா? முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்" என்று கேட்டார்கள். வீட்டில் மூன்று வயிறுகளை வைத்துக்கொண்டிருப்பவர் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வார்?

எனக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். கதை எழுதுகிறவன் கொஞ்சம் கண்டதையும் படித்துவைத்திருப்பான் என்று சமாதானம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் உண்மை அது அல்ல. நானும் இதே குற்றத்தைச் செய்தவன்.

2009-ஆம் வருஷம், பொங்கலுக்கு முன்னால் என் வீட்டின் முன்கூடத்துக்குப் புதிதாகப் பூச்சுப் பூசி வண்ணம் அடிக்க ஏற்பாடு செய்தேன். மேஸ்திரி சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "இன்னும் குளிர்ச்சியா இருக்கு சார். மாசி வரைக்கும் விட்டுடுங்க" என்றார். பொங்கலுக்குச் சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தது. நான் சிரித்துக்கொண்டே, "சுவருக்கெல்லாம் ஜுரம் பார்க்காதீர்கள், மேஸ்திரி. அடியுங்கள்" என்றேன். அடித்தார். பொங்கலன்று சுவர் பிரமாதமாக இருந்தது. சம்பந்தியும் பாராட்டினார். பங்குனியில் ஜன்னலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொப்புளம் கிளம்பியது. பிறகு இன்னொன்று. மேஸ்திரிக்குத் தர வேண்டிய பாக்கி 3000 ரூபாயை நான் தரவில்லை. "வேலை சரியில்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "நான்தான் அப்பவே சொன்னேனே சார்" என்று மட்டும் சொன்னார். கோபம்கூட இல்லை. அதன் பிறகு அவர் எங்கள் தெருவுக்கே வரவில்லை.

அந்த 3000 ரூபாயில் நான் என்ன வாங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. அவருக்கு அந்தப் பணம் இல்லாமல் என்ன நின்றுபோயிற்று என்பது அவருக்கு நிச்சயம் நினைவிருக்கும். பின்னால் விவரம் தெரிந்து நான் அவரைத் தேடியபோது, அந்தப் பேட்டையில் அவர் இருந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் பெயிண்டர்கள் வேலை செய்வதை உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். தெருவில் எந்த வீட்டில் சாரம் கட்டினாலும் போய் நின்றுவிடுவேன். "சார் கதைக்கு விஷயம் பிடிக்க வந்திருக்கார்" என்று சிரிப்பார்கள். நான் கற்றுக்கொண்டதைச் சொல்லுகிறேன். இனிமேல் வீட்டுக்கு வண்ணம் அடிக்கப்போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான் இது.

பட்டி பார்ப்பது என்பது மாவை அப்புவது அல்ல. வெள்ளைச் சிமெண்டில் செய்த பட்டியானால் சுவரை முதலில் லேசாக நனைத்துக்கொள்ள வேண்டும். அக்ரிலிக் பட்டியானால் கீழே பிரைமர் அடித்திருக்க வேண்டும். எதுவானாலும் இரண்டு தடவை, மெல்லியதாக. முதல் தடவை பள்ளத்தை நிரப்புவதற்கு. இரண்டாவது தடவை மேலே சமம் செய்வதற்கு. ஒரே தடவையாகக் கனமாக இழுத்தால் அன்றைக்குச் சீக்கிரம் முடியும், பின்னால் வெடிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டும். முதலில் கொஞ்சம் முரட்டுத் தாள். பிறகு நைசான தாள். தேய்க்கும்போது, என் நண்பர் விழா நாளில் பிடித்தாரே, அதே மாதிரி சுவரோடு ஒட்டி ஒரு விளக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எதிரே நின்று பார்க்கிற வெளிச்சத்தில் எந்தச் சுவரும் நேராகத்தான் தெரியும். பக்கவாட்டு வெளிச்சம்தான் பொய் சொல்லாது. அந்த விளக்கைப் பிடிக்க வேண்டிய நாள் பட்டி தேய்க்கிற நாள். பாயசம் சாப்பிடுகிற நாள் அல்ல.

தேய்த்த தூசியை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். தூசி மேல் அடித்த பிரைமர் சுவரில் ஒட்டாது, தூசியில்தான் ஒட்டும். பிரைமர் காய்ந்த பிறகு மறுபடி ஒரு தடவை விளக்கு வைத்துப் பார்த்து, விட்டுப்போன குழிகளில் பட்டி தொட்டு, அந்த இடங்களுக்கு மறுபடி பிரைமர் தொட வேண்டும். இல்லாவிட்டால் பட்டி மட்டும் பெயிண்டை உறிஞ்சிக்கொண்டு அங்கங்கே திட்டுத் திட்டாக மங்கித் தெரியும்.

பிறகுதான் பெயிண்டு. ஒரே அறைக்கு இரண்டு மூன்று டப்பா வேண்டியிருந்தால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட வேண்டும். ஒரே எண், ஒரே பெயர் என்றாலும் டப்பாவுக்கு டப்பா நிறம் இம்மி மாறும். முதலில் மேல்தளம், பிறகு சுவர். ஒருவர் தூரிகையால் ஓரங்களை இழுத்துக்கொண்டு போக, இன்னொருவர் அந்த ஓரம் காய்வதற்குள் ரோலரோடு பின்னாலேயே வர வேண்டும். ஈர விளிம்பு காயவே கூடாது. பாதி காய்ந்த இடத்தில் ரோலரை மறுபடி உருட்டினால் தழும்பு விழும். அதற்காகத்தான் மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறார்கள். புழுக்கத்தில் வெந்துகொண்டே மின்விசிறியை நிறுத்துகிற ஆளிடம் நாம், "காற்றாட வேலை செய்யுங்களேன்" என்று உபசாரம் செய்கிறோம்! இன்னொரு உபசாரமும் உண்டு. பாதிச் சுவரில் ரோலர் ஓடும்போது "டீ வந்துவிட்டது, வாருங்கள்" என்று கூப்பிடுவது. சுவர் முடிகிற வரையில் டீ காத்திருக்கலாம், ஈரம் காத்திருக்காது. தண்ணீரை அதிகமாக ஊற்றினால் நிறம் நிற்காது. குறைவாக ஊற்றினால் ரோலரின் கோடு நிற்கும். டப்பாவில் போட்டிருக்கும் அளவுதான் அளவு. முதல் கை நன்றாகக் காய்ந்த பிறகுதான் இரண்டாவது கை.

இவ்வளவும் படிக்கும்போது ஒன்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். இதில் ரகசியம் ஏதும் இல்லை. கைப்பழக்கம் வேண்டும், அது நம் பெயிண்டர்களிடம் தாராளமாக இருக்கிறது. மற்றதெல்லாம் நாள்தான். காய்வதற்கு நாள், தேய்ப்பதற்கு நாள், மறுபடி காய்வதற்கு நாள். அந்த நாளை அவர்கள் கடையில் வாங்க முடியாது. நாம்தான் கொடுக்க வேண்டும். நாம் கொடுப்பதில்லை.

"பெயிண்டர்கள் எல்லாரும் அரிச்சந்திரர்களா? பிரைமரே அடிக்காமல் அடித்ததாகக் கணக்கு எழுதுகிறவர்கள் இல்லையா? ஒரு கையை இரண்டு கை என்று சொல்கிறவர்கள் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பொய் எங்கே பிறக்கிறது என்று யோசித்தீர்களா? நீங்கள் மூன்று பேரிடம் விலை கேட்கிறீர்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் குறைந்ததை எடுத்துக்கொள்கிறீர்கள். அந்தக் காண்டிராக்டர் தம் பங்கை எடுத்துக்கொண்டு இன்னும் குறைந்த விலைக்கு ஒரு மேஸ்திரியிடம் விடுகிறார். மேஸ்திரி ஆட்களை நாள் கூலிக்கு அழைத்து வருகிறார். சதுர அடிக் கணக்கில் வேகத்துக்குத்தான் கூலி. நிதானத்துக்குக் கூலி கிடையாது. இரண்டாவது தடவை தேய்த்தால் மேஸ்திரிக்கு நஷ்டம். சுவர் காய்வதற்காக இரண்டு நாள் சும்மா இருந்தால் ஆட்களுக்குப் பட்டினி. நிதானமாக வேலை செய்கிறவனுக்குத் தண்டனையும் ஓடி முடிக்கிறவனுக்குப் பரிசும் கொடுக்கிற ஓர் ஏற்பாட்டை நாமே செய்துவைத்துவிட்டு, பிறகு நாணயம் எங்கே போயிற்று என்று விளக்குப் பிடித்துத் தேடுகிறோம்.

ஏமாற்றுகிறவரை நான் ஆதரிக்கவில்லை. வேலை தொடங்கும்போதே பிரைமர் எத்தனை டப்பா, பட்டி எத்தனை மூட்டை என்று எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு கட்டமும் முடிந்தவுடன் நீங்களே பாருங்கள். நான் கேட்பது, ஒன்றையுமே பார்க்காமல் இருந்துவிட்டுக் கடைசி நாளில் கடைசி ஆளைப் பிடித்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் முக்கியமானது. சுவர் அலை அலையாக இருந்தால் யாரும் சாகப்போவதில்லை. ஆனால் சுவரை வழவழப்பாக்குகிற அந்தத் தூசி?

பட்டி தேய்க்கிற அறைக்குள் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். மாவு மில்லில் நிற்பதுபோல இருக்கும். மாவு வயிற்றுக்குப் போகும். இது நெஞ்சுக்குப் போகிறது. வெள்ளைச் சிமெண்டும் கல்மாவும் கலந்த பொடி. பழைய சிமெண்டுப் பூச்சையும் சேர்த்துச் சுரண்டினால் மணல் தூளும் அதோடு வருகிறது. மணல் தூள் நுரையீரலில் படிந்தால் என்ன ஆகும் என்று கல்லுடைக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நம் பெயிண்டர் அந்தப் புகைமண்டலத்துக்குள் தலையில் ஒரு துண்டையும் மூக்கில் ஒரு கைக்குட்டையையும் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் நிற்கிறார். கைக்குட்டை கண்ணுக்குத் தெரிகிற தூசியைத்தான் நிறுத்தும். கண்ணுக்குத் தெரியாத தூசிதான் ஆழத்துக்குப் போவது. மாலையில் புருவமும் இமையும் வெளுத்து அவர் வெளியே வரும்போது குழந்தைகள் பார்த்துச் சிரிக்கின்றன. நாமும் சிரிக்கிறோம். இரவில் அவர் இருமுகிற இருமல் நம் காதுக்குக் கேட்பதில்லை. அவர் நம் தெருவில் குடியிருப்பதில்லை அல்லவா?

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் உள்ள புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1989-ஆம் வருஷம் ஒரு முடிவை வெளியிட்டது. பெயிண்டர் தொழிலில் ஈடுபட்டவர்கள் உள்ளாகும் சூழ்நிலையே மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று, சந்தேகத்துக்கு இடமில்லாத முதல் பிரிவில் அதைச் சேர்த்தது. பின்னால் மறுபடி ஆராய்ந்தும் அந்த முடிவை மாற்றவில்லை. ஏதோ ஒரு ரசாயனத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு தொழிலின் பெயரையே சொல்லியிருக்கிறார்கள். நம் கூடத்துக்கு நிறம் தேர்ந்தெடுக்கும்போது நிற அட்டையோடு இந்தச் செய்தியையும் யாராவது நமக்குக் கொடுக்கிறார்களா?

ஈயத்தின் கதையும் இப்படித்தான். 1921-இல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு ஜினீவாவில் கூடி, கட்டடங்களின் உட்புறத்துக்கு வெள்ளை ஈயம் கலந்த பெயிண்டை உபயோகிப்பதைத் தடுக்க வேண்டும் என்று, சில விலக்குகளோடு, ஓர் உடன்படிக்கை செய்தது. அடிக்கிற தொழிலாளியின் உடம்பில் ஈயம் ஏறுகிறது என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி செய்தது 2016-இல். அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். நடுவிலே 95 வருஷம்! அந்தக் காலத்தில் அடித்த எனாமல் எத்தனையோ பழைய வீடுகளின் கதவுகளிலும் ஜன்னல்களிலும் இன்னும் இருக்கிறது. அதைப் புதுப்பிக்கிறேன் என்று உலர உலரத் தேய்க்கும்போது பறக்கிற தூசியில் தேய்க்கிறவரும் இருக்கிறார். அதே வீட்டில் தவழ்கிற குழந்தையும் இருக்கிறது. குழந்தையின் மூளைக்கு ஈயம் செய்யும் கெடுதியைப் பற்றி டாக்டர்களுக்குள் இரண்டு அபிப்பிராயம் கிடையாது.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். கட்டடத் தொழிலாளருக்கென்று 1996-இல் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அது பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு என்று எல்லை வகுத்துக்கொண்டது. நம் வீட்டுக் கூடத்தில் பட்டி தேய்க்க வருகிறவர்கள் இரண்டு பேர், மூன்று பேர். சட்டம் அன்று நம் வாசற்படியோடு நின்றுவிட்டது. வாசற்படிக்கு உள்ளே அந்த மனிதருக்கு இருந்த ஒரே பாதுகாப்பு நம்முடைய மனச்சாட்சிதான். அதன் லட்சணத்தைத்தான் புதுமனை புகுவிழாவில் பார்த்தோமே!

"அந்தக் காலத்தில் இதெல்லாம் உண்டா? சுண்ணாம்பு அடித்தோம், சுகமாக இருந்தோம்" என்று சிலர் ஆரம்பிப்பார்கள். நான் அந்தக் கட்சியும் அல்ல. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். சலவைக்கல்லைப் போலக் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும். சுண்ணாம்பை நீற்றி, நாள் கணக்கில் ஊறவைத்து, அரைத்து, கடுக்காய்ச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, பூச்சு மேல் பூச்சாகப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். அங்கேயும் வழவழப்பின் ரகசியம் நாளும் கையும்தான். தேய்த்த கைகள் சுண்ணாம்பில் வெந்த கைகள். அந்த வீடுகளைக் கட்டுவித்தவர்களின் பெயர்கள் முகப்பில் இருக்கின்றன. தேய்த்தவர்களின் பெயர்கள் எங்கேயும் இல்லை. ஆகவே பழம்பெருமை பேசி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அவர்கள் சுவருக்கு அவகாசம் கொடுத்தார்கள். நாம் அதையும் கொடுக்காமல் பலனை மட்டும் கேட்கிறோம்.

மற்ற சாதாரண வீடுகளில் பொங்கலுக்குப் பொங்கல் மட்டையால் வெள்ளை அடித்தோம். நீலம் போட்ட சுண்ணாம்பு அங்கங்கே திட்டாக நிற்கும். மட்டையின் கீற்று தெரியும். அதைப் பார்த்து யாரும் வெள்ளையடித்தவரின் கூலியைப் பிடித்தது கிடையாது. சுவர் என்றால் சுவர் மாதிரி இருக்கும் என்று நமக்குத் தெரிந்திருந்தது. இப்போது விளம்பரம் காட்டுகிற சுவர் மாதிரி இருக்க வேண்டும் என்கிறோம். அங்கே வெளிச்சத்தை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்துப் படம் பிடிக்கிறார்கள் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

கண்ணாடி போன்ற சுவர் வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமா? குற்றமே அல்ல. அழகாக வாழ ஆசைப்படுவது மனிதனுக்கு இயல்பு. ஆனால் அந்த ஆசையின் விலையை ஆசைப்படுகிறவர்தான் கொடுக்க வேண்டும். நண்பரின் வீட்டில் அந்த விலையை யார் கொடுத்தார்? உழைப்பாகவும் அவமானமாகவும் பிடிக்கப்பட்ட கூலியாகவும் மூச்சாகவும் அந்த ஐம்பது வயது மனிதர் கொடுத்தார். நண்பர் கொடுத்தது பணம் மட்டும், அதிலும் பாக்கி.

ஆகையால், வீடு கட்டுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். பூச்சு முடிந்த நாளிலிருந்து ஒன்றரை மாதம் தள்ளி முகூர்த்தம் பாருங்கள். முடியாவிட்டால் பட்டி பார்க்காமல் வெறும் வெள்ளைப் பூச்சோடு குடிபோய்விட்டு, சுவர் காய்ந்த பிறகு பாக்கி வேலையைச் செய்துகொள்ளுங்கள். பால் காய்ச்சுவதற்குப் பட்டி பார்த்த சுவர் வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. மேடு பள்ளம் உள்ள சுவருக்குப் பளபளப்பான பெயிண்டைக் கேட்காதீர்கள். பளபளப்பில்லாத பெயிண்டு பாதிக் குறையை மறைக்கும். பட்டி வேலைக்குச் சதுர அடிக் கணக்கை விட்டுவிட்டு நாள் கூலி பேசுங்கள். தூசியை உறிஞ்சிக்கொண்டே தேய்க்கிற இயந்திரங்கள் வந்திருக்கின்றன; அதன் வாடகையை உங்கள் செலவில் போட்டுக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால், நுண்தூசியை நிறுத்துகிற நல்ல முகமூடி ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். வாசற்கதவில் தொங்கவிடுகிற தோரணத்தின் விலைகூட அதற்கு ஆகாது. பழைய எனாமலைத் தேய்ப்பதானால் ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கடைசியாக, வேலையில் குறை இருந்தால் அந்த மனிதரைத் தனியாக அழைத்து, மரியாதையோடு சொல்லுங்கள்.

அன்று விழா முடிந்து கிளம்பும்போது நண்பரிடம் இதில் பாதியைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "நீங்கள் எழுத்தாளர், உங்களுக்கு எல்லாமே பெரிதாகத் தெரியும்" என்றார். நான் அதற்குமேல் பேசவில்லை. மாடிப்படியின் கீழே அந்தப் பெயிண்டர் சாப்பிட்டுவிட்டுக் கை துடைத்துக்கொண்டு நின்றார். "பட்டி எத்தனை நாள் காய்ந்தது?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "ரெண்டு நாள் கேட்டேன் சார். ஒரு ராத்திரிதான் கிடைச்சுது" என்றார்.

ஒரு வாரம் கழித்து நண்பர் தொலைபேசியில் கூப்பிட்டார். வேறு ஏதோ விஷயம் பேசினார். கடைசியில், போகிற போக்கில், "அந்தப் பெயிண்டருக்குப் பாக்கியைக் கொடுத்துவிட்டேன். தை மாதம் வந்து மறுபடி தேய்க்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குத் தனிக் கூலி" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் தர வேண்டிய 3000 ரூபாய்தான் இன்னும் என்னிடமே இருக்கிறது.